ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு

திங்கட்கிழமை காலைக் காப்பியில் பஞ்சு மிதந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை, நகக்கண் அளவு ஒரு துணுக்கு. தலையணையில் எங்கோ தையல் விட்டிருக்கும் என்று நினைத்து டாக்டர் வெங்கடபதி அதை எடுத்துச் சுண்டிவிட்டு ஒரு வாய் குடித்தார். நாக்கில் இன்னொன்று ஒட்டியது. அதை எடுத்தால் மேல்வாயில் இன்னொன்று. மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார். ராமாமணி வந்து டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சுத்தமாத்தானுங்க இருக்குது. உங்க கண்ணுக்கு மட்டும் என்னத்தத் தெரியுது?"

வேறு காப்பி வந்தது. அவர் அதைத் தொடவில்லை. பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே மெத்தென்று ஏதோ இருப்பதை மத்தியானம் வரை நாக்கால் துழாவிக்கொண்டே இருந்தார்.

சிங்காநல்லூர்க் குளத்துக்குக் கிழக்கே இருந்த ஒரு நூல் மில்லுக்கு அவர் டாக்டர். பைக்காரா மின்சாரம் வந்ததும் பீளமேட்டிலிருந்து அந்தப் பக்கம் வரை மில்லாக முளைத்துக்கொண்டிருந்த காலம். மில்லையொட்டி அவருக்குத் தோட்டத்தோடு ஒரு பங்களா கொடுத்திருந்தார்கள். தொழிலாளிகள் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடித்துச் சகாய நிதி ஒன்று சேர்த்து வைத்திருந்தது மில். உடம்பு முடியாமல் போனவர்கள் அதிலிருந்து அரைச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். முடிகிறதா, முடியவில்லையா என்று சொல்வதுதான் டாக்டரின் வேலை. முடியும் என்று அவர் சொல்லிவிட்டால் மறுநாளே வேலைக்கு வந்தாக வேண்டும், வராதவர்களுக்கு வேலை இல்லை.

பஞ்சு பிரிக்கும் கொட்டகையில்தான் சீக்கு அதிகம். அங்கே பெண்கள் தலைமயிர், புருவம் எல்லாம் வெளுத்துப்போய் நாள் முழுக்கத் தூசிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தூசிக்கு ஒரு குணம் உண்டு. வாரம் முழுக்க அதைத் தின்று பழகிய நெஞ்சு, ஞாயிற்றுக்கிழமை லீவில் கொஞ்சம் திறந்துகொள்ளும். திங்கட்கிழமை மறுபடி தூசி பட்டதும் பூட்டிக்கொள்ளும். அன்றைக்கு அவர்கள் மூச்சு விடுவதைப் பார்த்தால் கல்லும் கரையும். வெங்கடபதி வேலைக்குச் சேர்ந்த புதிதில் பரிசோதனை திங்கட்கிழமைதான் நடந்தது. கொட்டகையில் பாதிப் பேருக்கு அவர் அரைச் சம்பளத்துக்கு எழுதிக் கொடுத்தார். முதலாளி கோவிந்தராஜுலு கோபப்படவில்லை. "ஏனுங்க டாக்டர், நம்ம மில்லுல எல்லாருக்குமா நெஞ்சு கெட்டுப்போச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து பரிசோதனை ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது.

தெரியாமல் செய்ததில்லை. படித்த மனுஷன், நெஞ்சின் குணம் தெரிந்த மனுஷன், தெரிந்தேதான் செய்தார். "லீவு நாள்ல வந்தா உங்களுக்குக் கூலி போகாது பாருங்க" என்று அந்தப் பெண்களிடம் கரிசனமாகச் சொன்னார். அவர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பஞ்சு மிதந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை, வெங்கடபதி பங்களாவின் முன்னறையில் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மார்கழிக் குளிர், வெயில் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தரையில் நீளமாகக் கிடந்தது, தோட்டத்தில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் சத்தமும் மில்லின் ஒரே சீரான இரைச்சலும் தூரத்தில் கலந்து கேட்டுக்கொண்டிருந்தன, அந்த இரண்டுக்கும் அடியில், வெளியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சுப் பக்கமிருந்து, யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடும் சத்தம் வந்தது. உள்ளே போகும்போது கரகரவென்று அரைத்து, வெளியே வரும்போது கடைசியில் விசில் மாதிரி மெல்லியதாக ஒரு இழுப்பு. பருத்திக்கொட்டை எண்ணெயும் ஈரப் பஞ்சும் கலந்த கொட்டகை வாசனை அறைக்குள் வந்தது.

"ஏனுங்க, வரலாமுங்களா?"

"வா" என்றார் வெங்கடபதி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய்.

யாரும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். வாசல் காலியாக இருந்தது, பெஞ்சும் காலி. ஆனால் அந்த மூச்சுச் சத்தம் இப்போது வெளியே இல்லை. அறைக்குள், அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இருந்தது.

அவர் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்கிறவர்கள் உண்டு, டாக்டர்கள் மூச்சைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். கடைசியில் வரும் அந்த விசில் நாச்சியம்மாளுடையது.

நாச்சியம்மாள் பஞ்சுக் கொட்டகைக்காரி. புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெங்கடபதி குழாயை வைத்துப் பார்த்தார். லேசான இரைச்சல், அந்த விசில், வேறு ஒன்றுமில்லை.

"நல்லாத்தானே இருக்குது. வேலைக்குப் போ."

"இன்னிக்கு நல்லாத்தானுங்க இருக்குது. நாளைக்கு இருக்காதுங்க. ஒரே ஒரு திங்கக்கிழமை கொட்டாயிக்கு வந்து, என்ற நெஞ்சுல காதை வெச்சுக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க. அப்பறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறனுங்க."

"உனக்காகக் கொட்டாயிக்கு வேற வரோணுமா? போ, போ."

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் எழுந்தபோது அவள் எழவில்லை. பஞ்சுக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தபடி, வாய் திறந்து, கண் திறந்து இருந்தாள். இறப்புக்குக் காரணம் இருதயக் கோளாறு என்று எழுதியவர் வெங்கடபதிதான். கொட்டகைக்கு அன்றைக்கு மட்டும் போனார்.

நாற்காலிக்குப் பின்னால் இருந்த மூச்சு நாள் முழுக்க அவரோடு நடந்தது. மாட்டுத் தொழுவத்துக்குப் போனால் அங்கே வந்தது, சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்தது. செவ்வாய்க்கிழமை அது போய்விட்டது.

மனுஷனுக்குப் புத்தி வர அது போதும் இல்லையா? அந்த ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணி என்று ஒரு சின்னப் பெண் பரிசோதனைக்கு வந்தாள். நெஞ்சு அவ்வளவாக இரையவில்லை. மறுநாள் எப்படி இரையும் என்று வெங்கடபதிக்குத் தெரியும், முன்னைவிட நன்றாகவே தெரியும். திங்கட்கிழமை வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்தவளும் கேட்பாள், முதலாளி மறுபடி சிரிப்பார், ஐப்பசியில் ஏன் சொல்லவில்லை என்று எவனாவது வாயைத் திறப்பான்.

"வேலைக்குப் போகலாம்" என்றார்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியலில் மில் சங்கு ஊதியபோது வெங்கடபதிக்கு விழிப்பு வந்தது, மூச்சு வரவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதலில் முறத்தளவு கனம். பிறகு மூட்டையளவு. ஜன்னல் வெளிச்சத்தில் தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக ஒரு உருவம் தெரிந்தது, புருவம் வெள்ளை, இமை வெள்ளை, சேலை மடிப்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு, அதற்கு நடுவே வாய் மட்டும் கறுப்பாகத் திறந்திருந்தது. அது குனிந்து, அவர் நெஞ்சில் காதை வைத்து, கவனமாகக் கேட்டது.

அன்று முழுக்க அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கிக் காற்றைத் தேடினார். ராமாமணி பயந்துபோய் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், நெஞ்சில் தைலம் தேய்த்தாள். தேய்த்த கையில் பஞ்சு ஒட்டவில்லையா என்று அவர் திணறித் திணறிக் கேட்டபோது அவள் அழுதுவிட்டாள். பிறகு அந்தக் கனம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வார மத்தியில் படி ஏற முடிந்தது. ஞாயிறு வந்ததும் நெஞ்சு கழுவி விட்டது மாதிரி ஆகிவிட்டது.

ஓடிப்போய்விட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் அவருக்கு. குன்னூரில் மைத்துனன் வீடு இருந்தது. கோவிந்தராஜுலுவிடம் போய், உடம்பு முடியவில்லை, ஆறு மாதம் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்றார். முதலாளி இல்லையென்று சொல்லவில்லை.

"தாராளமா எடுத்துக்குங்க. ஆனா மில்லுல எல்லாருக்கும் ஒரே சட்டந்தானுங்களே. பெரிய டாக்டரு சுந்தரராஜுலு பாத்துச் சொல்லட்டும். அவரு சொல்லாம நீங்க பாட்டுக்குக் கெளம்பிப்போட்டா, நான் வேற டாக்டரத்தான் பாக்கோணும்."

வேலை போனால் பங்களாவும் போகும். வெங்கடபதி எழுந்து வந்தார். பெரிய டாக்டர் கோயமுத்தூரில் இருந்தார், ஊரெல்லாம் அவரைத் தேடுகிற ஆள், அவருக்கு ஓய்வு கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமைதான்.

சுந்தரராஜுலு முன்னும் பின்னும் குழாய் வைத்துப் பார்த்தார், முதுகில் விரலால் தட்டிப் பார்த்தார், இருமச் சொன்னார், மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். வெங்கடபதி ஏறி இறங்கினார். மூச்சு வாங்கக்கூட இல்லை.

"குதிரையாட்டம் இருக்கறயேப்பா. இந்த நெஞ்சுக்கு லீவு எதுக்கு?"

"இன்னிக்கு இப்படித்தானுங்க இருக்கும். நாளைக்கு..." வெங்கடபதிக்கு வேர்த்தது. அடுத்து என்ன வார்த்தை வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்தது, தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. "திங்கக்கிழமை ஒருதரம் வந்து பாருங்க. ஒரே ஒரு திங்கக்கிழமை. உங்களக் கும்பிட்டுக் கேக்கறனுங்க."

பெரிய டாக்டர் சிரித்தார். நல்ல மனுஷன், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சிரிக்கவில்லை. "திங்கக்கிழமைன்னா ஊர்ல பாதிப் பேருக்கு வேலைக்குப் போக முடியாத சீக்கு வரத்தாஞ் செய்யும். போய் நிம்மதியாத் தூங்கு." முதலாளிக்கும் அப்படியே சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று இரவு வெங்கடபதி தூங்கவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கிடைக்கும் காற்றையெல்லாம் இழுத்து இழுத்துச் சேர்த்து வைக்கப் பார்த்தார். காற்றை எங்கே சேர்த்து வைப்பது? ஜன்னல் வெளுத்தது. காக்கை கத்தியது. மில் சங்கு ஊதியது.

கட்டிலின் கால்மாட்டில் மெத்தை அமிழ்ந்தது.

முதலில் ஒரு முழங்கால். பிறகு இன்னொன்று.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள் நாச்சியம்மாள். முன்னைப்போலவே மரியாதையான குரல். அவர் கால் மேல், தொடை மேல், வயிற்றின் மேல் ஊன்றி ஊன்றி ஏறினாள். அவரைச் சாய்த்தாள். உட்கார்ந்தாள்.

காற்று நின்றது.

காதை வைத்தாள். கேட்டாள். கரகரவென்று ஒரு இரைச்சல், கடைசியில் விசில். அது அவள் நெஞ்சிலிருந்து வரவில்லை. அவர் நெஞ்சிலிருந்து வந்தது. கேட்கக் கேட்க அந்த வெள்ளை முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது.

கதவு திறந்தது. ராமாமணி. வெங்கடபதி கண்ணால் கூப்பிட்டார். கை எழவில்லை, வாய் அசையவில்லை.

"முழிச்சுத்தான் இருக்கறீங்களா?" அவள் பக்கத்தில் வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "பெரிய டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாரு. இன்னும் எதுக்குங்க இப்படி மருண்டு மருண்டு பாக்கறீங்க? குளுருது, போத்திக்குங்க."

காலடியில் கிடந்த கம்பளியை எடுத்து உதறி, அவர் மேல் போர்த்தினாள். கம்பளி அவர் மேல் படியவில்லை. நெஞ்சுக்கு மேலே ஒரு தலை, இரண்டு தோள், குனிந்த ஒரு முதுகு என்று அப்படியே எழும்பி நின்றது. ராமாமணி அதன் ஓரத்தைச் சீராக இழுத்துவிட்டாள். முதுகின் மேல் இருந்த சுருக்கத்தைக் கையால் தடவி நீவினாள். பிறகு காப்பி கொண்டுவரப் போய்விட்டாள்.

கம்பளிக்குள் இருட்டு. பஞ்சு வாசனை. விசில்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால்கள், ஒருத்தி இல்லை, பல பேர். கொட்டகைக்கு முறை மாறும்போது வருகிற மாதிரி மெதுவாக, ஒருவர் பின் ஒருவராக வந்து கதவோரம் நின்றார்கள். முன்னால் நின்றவள் இருமினாள். சின்னப் பெண்ணின் இருமல், சாந்தாமணியுடையது.

"ஏனுங்க, வரலாமுங்களா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஒரு மூச்சு வேண்டும்.

அவள் சற்று நேரம் மரியாதையாகக் காத்திருந்தாள். பதில் வரவில்லை என்றதும் கால்மிதியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.