தொண்டை மருந்து

சிட்டு அந்தப் பொய்யைச் சொன்னபோது, அது இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவே இல்லை.

அவள் பள்ளிப் பாட்டுக்குழுவில் இருந்தாள். ஒருநாள் படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்து நின்று இன்ஹேலரை வாயில் வைத்து இழுத்தபோது, தோழி பம்பரம் பார்த்துவிட்டாள். ஓரிடத்தில் நிற்காதவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அது என்ன என்று கேட்டாள்.

ஆஸ்துமா என்று சொல்லச் சிட்டுவுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்களோ?

"தொண்டை மருந்து. குரல் நல்லா வரும்" என்று சொல்லிவிட்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் ஒத்திகை. மேடைத் திரையை யாரோ உதறிக் கட்டியிருந்தார்கள். ஒரே தூசி. இரண்டாவது அடி பாடும்போதே சிட்டுவுக்கு நெஞ்சு இறுகியது. மூச்சு விசில் அடித்தது.

பையை நோக்கி ஓடினாள். உள்ளே கைவிட்டுத் துழாவினாள். இரண்டு பென்சில் கிடைத்தது. இன்ஹேலர் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். பம்பரம் முகம் வெளிறி, எதையோ கைக்குள் மூடிக்கொண்டு நின்றாள்.

பாட்டு நின்றுபோனது. எல்லோரும் சிட்டுவையே பார்த்தார்கள். காது மடல் சுட்டது. தொண்டை மருந்து என்று கேட்டால் யாருக்கு அவசரம் புரியும்?

"அது தொண்டை மருந்து இல்ல" என்றாள் மூச்சு வாங்க. "எனக்கு ஆஸ்துமா. மூச்சு விட முடியல. அதைக் குடு."

பம்பரம் பாய்ந்து வந்து கொடுத்தாள். பாட்டு டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொன்னார். சிட்டு மருந்தைக் குலுக்கினாள், மூச்சை வெளியே விட்டாள், அழுத்தி மெதுவாக இழுத்து, அப்படியே அடக்கிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. மெல்ல மெல்ல நெஞ்சு இளகியது. டீச்சர் அவள் அம்மாவுக்குப் போன் செய்யப் போனார்.

பம்பரம் தேம்பினாள். "குரல் கட்டியிருந்துச்சு. ரெண்டு தடவை அடிச்சுக்கிட்டேன். இப்ப கையெல்லாம் நடுங்குது. எனக்கும் ஆஸ்துமா வந்துடுமா?"

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைத் தோழியின் கையில் கொடுத்ததே தன் பொய்தானே!

"வராது. எனக்கும் முதல்ல நடுங்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். நான்தான் பொய் சொன்னேன், நீ என்ன பண்ணுவ. வா, டீச்சர்கிட்ட சொல்லிடலாம். நானும் வரேன்."

டீச்சர் இருவரையும் திட்டவில்லை. பம்பரத்தின் வீட்டுக்கும் ஒரு போன் செய்தார். நாளைக்குப் பாடுகிறாயா என்று சிட்டுவிடம் கேட்டார். மருத்துவர் சரி என்றால் பாடுகிறேன் என்றாள். குழுவில் அவள் இடம் அப்படியே இருந்தது.

வெளியே வந்ததும் பம்பரம் தயங்கினாள். "இன்னொன்னு இருக்கு. நான் சொன்னதைக் கேட்டு நம்ம குழுவுல மூணு பேர் அந்தத் தொண்டை மருந்தை வாங்கித் தரச் சொல்லி வீட்டுல அடம்பிடிக்கிறாங்க."

சிட்டு தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மூவரையும் தேடி நடந்தாள்.