முதல் கூப்பாடு

புது மெஷின் வந்ததிலிருந்து அந்த அறையில் போன் மணி அடிப்பதில்லை. பாண்டிசெல்விக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் கேட்டு அழைப்பு வந்தால் மணி அடிக்கும், அவள் எடுப்பாள். இப்போது மெஷினே எடுத்து அவள் ஹெட்போனில் இணைத்துவிடுகிறது. சுவரில் இருக்கும் பெரிய திரையில் அழைத்தவரின் இடம் சிவப்புப் புள்ளியாக விழும். அருகிலிருக்கும் வண்டி, நீலப் புள்ளி, தானாகக் கிளம்பிவிடும். அவள் செத்த நேரம் பேசாமலிருந்தால், அழைத்தவர் பயந்துவிடக் கூடாதென்று, அவள் குரலில் பதிந்துவைத்ததை அதுவே சொல்லும்: "சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்."

"நல்லதுதானே தங்கச்சி," என்றார் ஷிஃப்ட் மேற்பார்வை பார்க்கும் சாகுல் ஹமீது. "ஒங்க குடும்பத்த நம்புனா நோயாளி போய்ச் சேர்ந்துருவான். ஒந்தம்பி விஜயபாண்டி, வண்டி ஓட்டுறவன், மூணாந்தடவ அடிச்சாத்தான் போனையே எடுக்கான்."

"எங்க வீட்டுப் பழக்கம் பாய். மொத கூப்பாட்டுக்குப் பதில் சொல்லக் கூடாது. மனுசன்னா திரும்பக் கூப்பிடுவான்."

"இல்லாட்டி?"

"அது ஒரு தடவதான் கூப்பிடும்."

அவர் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்.

பொழுது மசங்கிக்கொண்டிருந்தது. மேற்கே மலையை மழை மூடியிருந்தது. ஆண்டாள் கோயில் கோபுரம் ஈரத்தில் கரைந்து நிற்க, ஏசியின் காற்றோடு எங்கிருந்தோ அழுகிய இலையின் வாடையும், நனைந்த மிருகத்தின் ரோம வாடை போல ஒன்றும் மெல்ல மெல்ல அறைக்குள் இறங்கியது. திரையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. செண்பகத்தோப்பு. அதையும் தாண்டி, டவரே எட்டாத உள்காடு.

ஹெட்போனில் மழை இல்லை, மூச்சு இல்லை. இரைச்சலையெல்லாம் மெஷின் வடிகட்டிவிடும், சரி. மூச்சையுமா?

"பாண்டிசெல்வி."

ஒரே தடவை. ஆணா பெண்ணா தெரியாத குரல். அவள் தன் பேரை எந்த அழைப்பிலும் சொன்னதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கூப்பாட்டுக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

"சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்," என்றது மெஷின், அவள் குரலில்.

ராஜபாளையம் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்த நீலப் புள்ளி காட்டுப் பக்கம் வளைந்தது. விஜயபாண்டியின் வண்டி. தடுக்கலாம். ஆனால் என்ன சொல்லித் தடுப்பது? நிஜமாகவே யாரோ அடிபட்டுக் கிடந்தால்? அந்த யோசனையிலேயே நேரம் போனது. நீலம் சிவப்பைத் தொட்டது. நின்றது.

தன் செல்போனை எடுத்து அவனுக்கு அடித்தாள். அவனாக இருந்தால் மூன்றாவது மணிக்குத்தான் எடுப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"சொல்லுக்கா."

தம்பி குரல்தான். பின்னால் மழை இல்லை, இன்ஜின் இல்லை.

"ஏலே... எங்க இருக்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்க்கா."

திரையைப் பார்த்தாள். நீலப் புள்ளி காட்டிலேயே இருந்தது, அசையாமல். சிவப்புப் புள்ளிதான் நகர்ந்தது. மலையை விட்டு இறங்கியது. ஊருக்குள் நுழைந்தது. தேரடியைத் தாண்டியது. எந்த வண்டியும் அந்த வேகத்தில் வர முடியாது.

காட்டிலிருந்து வந்த அழைப்பைத் துண்டிக்கும் பட்டனை அமுக்கினாள். அமுக்கினாள். பச்சை விளக்கு அணையவில்லை.

சிவப்புப் புள்ளி இந்தக் கட்டடத்தின் மேல் வந்து நின்றது.

இலை வாடை. ஈர ரோமம். அறைக்கு ஒரே கதவு. கதவின் அடி இடுக்கில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஏதோ.

"அக்கா."

ஹெட்போனிலும் கேட்டது. கதவுக்கு வெளியிலும் கேட்டது. விஜயபாண்டியின் குரல். ஒரே தடவை.

அவள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். இன்னொரு தடவை கூப்பிடுலே. ஒரே ஒரு தடவை.

இரண்டாவது கூப்பாடு வரவில்லை.

"சொல்லுங்க," என்றது மெஷின், அவள் குரலில், அவளுக்குப் பின்னாலிருந்து. "நான் இங்கதான் இருக்கேன்."

கதவின் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது.