பேராச்சி வீட்டு மாவு

பேராச்சி ஆஸ்பத்திரியில் படுத்து நாலு நாளாகிறது. மேலத்தெருவில் நாலு நாளாக ஒரு வீட்டிலும் இட்லி இல்லை.

மூக்கில் புகுந்து மூளைவரை தின்னும் பூஞ்சை எந்த மருந்துக்கும் மசியாமல் போன பிறகு வந்தது காவல்பூஞ்சை. ஒரே ஊசி. நல்ல பூஞ்சை உடம்பில் குடியேறிக் கெட்டதை விரட்டிவிடும். முதலில் நோயாளிகளுக்குப் போட்டார்கள். பிறகு நோயில்லாதவர்களும் முண்டியடித்துப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் காவல்காரனுக்கு ஆள் பேதம் தெரியவில்லை. அது தோல்வழியே விடும் ஆவி பட்டால் பால் உறையாது, மாவு பொங்காது. ஊசி போட்டவர் வாசலைத் தாண்டினாலே போதும், அந்த வீட்டு மாவு செத்தது.

தெருவில் ஊசி போடாதவள் பேராச்சி ஒருத்திதான். தனிக்கட்டை. அத்தனை வீட்டு மாவும் அவள் வீட்டில்தான் புளித்தது. ஊசி முகாம் வரும்போதெல்லாம் தெருவே அன்பாகத் தடுத்தது. "அடுத்த தடவ போட்டுக்கிடலாம்க்கா." மூன்று வருடம் அந்தப் பெருமையிலேயே இருந்துவிட்டாள், பாவம்.

"மூணு மருந்தும் கேக்கல. இன்னைக்கே ஊசி போடலன்னா இடது கண்ணு போயிரும். அடுத்து மூளைதான்" என்றார் டாக்டர் ஆவுடையப்பன்.

கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் எதிர்வீட்டுச் சங்கரவடிவு மெல்லக் கேட்டாள். "தீபாவளிக்கு மூணு நாள்தான சார் இருக்கு. அதுவரைக்கும் மாத்திரையக் குடுத்து வீட்டுக்கு அனுப்ப முடியாதா?"

பேராச்சி அவளைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தாள்.

"நேத்தே போட்டிருக்கலாமோ சார்?"

டாக்டர் வீடும் மேலத்தெருதான். மூன்றாவது மருந்துக்கு இன்னும் ஒரு நாள் கொடுத்துப் பார்ப்போம் என்று நேற்று சொன்னவர் அவரே.

"போட்டிருக்கலாம்" என்றார் தலை குனிந்தபடி.

பேராச்சி கையை நீட்டினாள். ஊசி இறங்கியது. பெருமூச்சு விட்டது தெருதான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சங்கரவடிவு பக்கத்திலிருந்தவளிடம் தணிந்த குரலில் சொன்னாள். "மூலை வீட்டுக்குக் குடிவாற டீச்சர் இன்னும் ஊசி போடலையாம். ஒத்த ஆளு. நாமதான் நல்லபடியாப் பாத்துக்கிடணும்."

பேராச்சிக்குக் காது நன்றாகவே கேட்டது.

"அக்கான்னு கூப்பிடுங்க" என்றாள். "மூணு வருசம் தாங்கும்."