வெறும் ஆவிதானே

காலையில் குளியலறைக் கண்ணாடியில் பட்ட மூச்சு மறையவில்லை.

பெரியவள் பல் விளக்கின கையோடு கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். கண்ணாடியில் ஊதினால் பனி மாதிரி படியும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து சுருங்கிக் காணாமல் போகும். அது பிறந்ததிலிருந்து பார்க்கிற சங்கதி. இது சுருங்கவில்லை. துண்டின் நுனியால் துடைத்தாள், ஈரமே இல்லை. நகத்தால் சுரண்டினால் நகத்தடியில் சாம்பலாய், மினுக்கமாய் என்னவோ ஒட்டிக்கொண்டது, புதிதாக ஈயம் பூசின பாத்திரத்தின் உள்பக்கம் போல. நாக்கிலும் அதே ருசிதான். சில்லறைக் காசை வாயில் அடக்கிக்கொண்டு தூங்கி எழுந்த மாதிரி ஒரு ருசி, என்ன தின்றாலும் போகாத ருசி.

உதட்டை மடித்துப் பார்த்தாள். ஈறின் ஓரமாக, பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிசாக ஒரு கோடு. நீலம் பாய்ந்த கோடு. அதை இதற்கு முன்னால் ஒரே ஒருத்தியின் வாயில்தான் பார்த்திருக்கிறாள். அவளைப் போன வாரம் அடக்கம் பண்ணியாகிவிட்டது.

"அக்கா, உள்ளேயே குடித்தனம் நடத்துறியா? வாந்தி வருது, வெளிய வா."

தங்கைக்கு மூன்றாம் மாதம். உள்ளே வந்து குனிந்து வாந்தியெடுத்தாள், வாயைக் கழுவினாள், நிமிர்ந்தாள்.

"என்னக்கா இது, கண்ணாடியில என் மூஞ்சியைக் காணோம்?"

"பழைய கண்ணாடி. ரசம் போயிடுச்சு."

ரசம் போகவில்லை. ஏறியிருந்தது.

"இன்னிக்கு என்னை உன் பெஞ்சுக்கு மாத்துறாங்க, தெரியுமா? மூணாவது நாற்காலி. நின்னு நின்னு கால் வீங்குதே, உட்கார்ந்து பாக்குற வேலை குடுக்குறேன்னு கண்ணாடிக்காரரு சொன்னாரு."

"அதுல நீ உட்காரக் கூடாது."

"ஏன், நீ உட்காரலையா?"

பெரியவள் துண்டை மடித்தாள். மடித்ததையே பிரித்து, மறுபடி மடித்தாள்.

வேலை செய்கிற கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. பகலும் ராத்திரியும் அங்கே ஒரே குழல்விளக்கு வெளிச்சம்தான். மின்சிகரெட் செய்கிற இடம், அங்கே அதைப் பேனா என்பார்கள். முன்வரிசைப் பெண்கள் கம்பிச்சுருளுக்கு ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். அந்தப் புகையும், பேனாவுக்குள் ஊற்றுகிற மருந்தில் கலக்கிற பழவாசனையும் சேர்ந்து, கெட்டுப்போன மாம்பழத்தைத் தகரத்தில் வைத்துச் சுட்ட மாதிரி ஒரு நாற்றம் கூரைவரைக்கும் தொங்கும். கடைசி வரிசை இழுக்கிற பெஞ்சு. செய்துமுடித்த பேனா ஒவ்வொன்றையும் வாயில் வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். நுனி விளக்கு எரிந்து ஆவி வந்தால் நல்லதுக்கான தட்டு, வராவிட்டால் திருப்பி அனுப்புகிற தட்டு. அதற்கு ஒரு மெஷின் வாங்கலாம். வாய் மலிவு.

பெஞ்சுக்கு எதிரே கண்ணாடி அறை. அதற்குள் மேற்பார்வைக்காரர், அதனால்தான் அவர் கண்ணாடிக்காரர்.

மூன்றாவது நாற்காலியில் இருந்தவளை மைக் அக்கா என்பார்கள். அவள் இருமினால் வாசல் காவலாளி எட்டிப் பார்ப்பான், அப்படித் தொண்டை. ஒருநாள் பெரியவள் ஒரு பேனாவைப் பிளந்தாள். சுருளில் வைத்த ஈயப்பொட்டு பாதி கரைந்து, வெள்ளையாக இருக்க வேண்டிய பஞ்சு சிலேட்டு நிறத்தில் இருந்தது. இரண்டு பேருமாக அதைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்காரரிடம் காட்டினார்கள்.

"வெறும் ஆவிதானேம்மா," என்றார் அவர். "சளி பிடிச்சா வீட்டுல ஆவி பிடிக்கிறதில்லையா? இதுல மணம் வேற."

"அப்ப நீங்களும் வந்து ரெண்டு பிடிங்க சார்," என்றாள் மைக் அக்கா.

"எனக்குச் சளி இல்லையே."

கூடமே சிரித்தது. மைக் அக்காவும் சிரித்தாள். பிறகு அவளுக்குக் குரல் போயிற்று. கை நடுங்கிற்று. கடைசியில், போன வாரம், அவளே போய்ச் சேர்ந்தாள்.

இன்றைக்குப் பெரியவள் உட்கார்ந்து முதல் பேனாவை எடுத்தபோதே அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ். பக்கத்தில், இடதுகைப் பக்கம். திரும்பினாள். மூன்றாவது நாற்காலி காலி. அதன் முன்னால் இழுக்காத பேனாக்கள் தட்டு நிறைய. முதல் பேனாவின் நுனியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அணைந்தது. அடுத்தது எரிந்தது.

ஒயர் கோளாறாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். தானாக எரிகிற பேனா இதற்கு முன்னாலும் வந்ததுண்டு. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக எரியவில்லை. வரிசையாக எரிந்தது, வேலை தெரிந்தவள் செய்கிற நிதானத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு இழுப்பு. வெகுநேரம் கழித்துத்தான் வேறொன்று அவளுக்கு உறைத்தது, முதுகுத்தண்டில் ஈரத்துணி வைத்ததுபோல.

இழுக்கிற சத்தம் வந்தது. விடுகிற சத்தம் வரவில்லை.

அந்தத் தட்டிலிருந்து ஒரு பொட்டு ஆவிகூட வெளியே வரவில்லை. யாரோ எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் தங்கை வந்தாள். கண்ணாடிக்காரர் முன்னால் நடக்க, அவள் பின்னால் வயிற்றில் கைவைத்துக்கொண்டு, புது இடத்துக்கு வந்த கூச்சத்தில் சிரித்தபடி வந்தாள்.

"அக்கா பக்கத்துலயே இடம். சந்தோஷம்தானே?" என்றார் அவர்.

பெரியவள் எழுந்தாள். மூன்றாவது நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். இரும்பு சில்லென்றிருந்தது, ஆனாலும் விடவில்லை.

"இவ இதுல உட்கார மாட்டா."

"யாரைக் கேட்டு?"

"என்னைக் கேட்டு. இவ வயித்துல ஒண்ணு இருக்கு. அது இன்னும் வாயே திறக்கல சார், அதுக்குள்ள இழுக்கச் சொல்லாதீங்க."

"வெறும் ஆவிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"வெறும் ஆவிதானே? நீங்க உட்காருங்க."

கூடத்தில் பற்றவைக்கிற சத்தம் நின்றுபோயிற்று. அவர் முகம் கறுத்தது. ரெண்டு பேரும் வெளியே போகத் தயாராகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார்.

"வா, போயிடலாம்க்கா."

"போகலாம். நீ என் பின்னாடி நில்லு."

பெரியவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. நடந்துபோய் அவர் அறையின் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள். இத்தனை நாளும் இழுத்ததையெல்லாம் அடிவயிற்றிலிருந்து திரட்டி ஊதினாள்.

வட்டமாகப் படிந்தது. சாம்பலாய். மறையவில்லை.

உள்ளே அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். நெற்றிப்பொட்டருகே விரலைச் சுழற்றி, பைத்தியம் என்று காட்டினார். பெஞ்சிலிருந்து இன்னொருத்தி எழுந்து வந்து ஊதினாள். அப்புறம் இன்னொருத்தி. வட்டத்தோடு வட்டம் ஒட்டியது. அவருடைய சட்டை மறைந்தது. கழுத்து மறைந்தது. சிரிப்பு நின்றது.

அப்போதுதான் முதுகுப்பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

யாரோ எழுந்திருக்கிற சத்தம்.

தங்கையின் விரல்கள் அவள் தோளில் புதைந்தன. "அக்கா. திரும்பாத."

பக்கத்தில் சில்லென்று ஒன்று கடந்துபோனது. பழவாசனை. தகரம். கதவு திறக்கவில்லை. ஆனால் அது உள்ளே போயிற்று.

பிறகு, விடுகிற சத்தம்.

நீளமாக. ஒரு தொண்டைக்குள் அடங்காத நீளம். கூடமே கேட்ட பழைய குரல் அதற்குள் எங்கேயோ இருந்தது. அறை உள்பக்கமிருந்து மங்கியது. கூரை போயிற்று. மேஜை போயிற்று. அவருடைய உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டித் துடைத்தது. துடைக்கத் துடைக்கப் பூசியது. கை போயிற்று.

இப்போது கண்ணாடி முழுக்க ரசம். அதில் இவர்கள் மட்டும் தெரிந்தார்கள். பெரியவள். தங்கை. பெண்கள் வரிசையாக.

கதவு இரண்டே எட்டில் இருந்தது. பூட்டில்லாத கதவு. எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள்.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து நகம் சுரண்டியது. சாம்பலில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது, காசு அளவுக்கு. அதில் அவர் வாய். வாயில் ஒரு பேனா. அதைப் பிடித்திருந்தது அவருடைய கை இல்லை.

நுனி எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

இழுக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

விடுகிற சத்தம் வரவில்லை.