ஐந்தரைச் சட்டை தூரம்

வாயாடி என்பது அப்பா அவளுக்கு வைத்த செல்லப்பெயர். அன்று அந்த வாயாடியே பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரர் மாமா அழுதுவிடுவார் போலிருந்தது.

முதல் விமானத்தில் அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தவர் அவர். இப்போது மூவரும் நடுவழி விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தார்கள்.

"நான் ஏறலை சார். இப்படியே ரயிலைப் பிடிச்சு வீட்டுக்குத் திரும்பிடறேன்," என்றார் மாமா.

"உங்க அக்கா காத்துட்டு இருப்பாங்களே?" என்றார் அப்பா.

"போன்ல பேசிக்கறேன்." மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா இல்லாத அவரை வளர்த்தது அந்த அக்காதான். பார்த்துப் பத்து வருடம் ஆகிவிட்டது.

அப்பா தைரியம் சொல்லப் பார்த்தார். "வெறும் ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான். பதினோரு மணி நேரத்துல போயிடலாம்."

மாமாவின் முகம் வெளுத்தது. "ஒன்பதாயிரமா! என் கடையே வீட்டுக்கு எதிர்லதான் சார் இருக்கு!"

"அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் வாயாடி. கிலோமீட்டர் என்றாலே மாமாவுக்குப் பயம். அவருக்குப் பழகிய கணக்கு எது என்று யோசித்தாள்.

"மாமா, ஒரு சட்டை தைக்க எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரம். ஏன்?"

"அப்போ பதினோரு மணி நேரத்துல?"

மாமா விரல்விட்டு எண்ணினார். "அஞ்சரை சட்டை."

"அவ்வளவுதான் தூரம்!"

மாமா திருதிருவென விழித்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துல இதைவிட அதிகமா ஒரே மூச்சுல தைச்சிருக்கேனே!"

"அப்போ வாங்க, துணியை வெட்டலாம்."

விமானம் கிளம்பியதும் மாமா கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள்ளேயே தைக்க ஆரம்பித்தார். சாப்பாடு வருவதற்குள் ஒரு சட்டை முடிந்தது. விமானம் குலுங்கியபோது மட்டும் அவள் கையை இறுகப் பிடித்தார்.

"நூல் சிக்கிடுச்சும்மா!"

"மெதுவா எடுங்க மாமா. அவசரமே இல்லை."

மூன்றாவது சட்டையில் வாயாடி தூங்கிவிட்டாள். விழித்தபோது அவள்மேல் மாமாவின் போர்வையும் சேர்ந்து கிடந்தது.

"ஆறாவது சட்டைக்கு இன்னும் கைகூடத் தைக்கலை, அதுக்குள்ள வந்துட்டோம்!" என்றார் மாமா. ஜன்னலுக்கு வெளியே ஓடுதளம் தெரிந்தது.

விமான நிலைய வாசலில் நின்றிருந்த அக்கா ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டார். "டேய் பயந்தாங்கொள்ளி! ராட்டினத்துலகூட ஏற மாட்டியே, எப்படிடா வந்தே?"

"இந்தப் பொண்ணுதான்க்கா கூட்டிட்டு வந்தா."

அக்கா வாயாடியின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லா இரும்மா. உன்னை உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

வாயாடிக்கு வெட்கமாகிவிட்டது. "நான் எங்க கூட்டிட்டு வந்தேன்? மாமாதான் தைச்சுக்கிட்டே வந்துட்டார்."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பியின் கன்னத்தைத் தடவினார். "நீ வந்ததே போதும்டா. இனிமே உன்னை இவ்வளவு தூரம் அலைய விடமாட்டேன்."

"போக்கா! அடுத்த வருஷமும் வருவேன்," என்றார் மாமா.