செல்வமலரின் தகடு

ஒன்பது நாட்களாகச் செல்வமலர் எதற்கும் குறை சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் ஒன்பது நிமிடம்கூட நேராத அதிசயம் என்பதால், அரியரத்தினம் முதலில் அதைக் கப்பல் பயணத்தின் நற்பலன் என்றே எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவள் கை கழுவிய தொட்டியில் கறுப்புத் தண்ணீர் நின்றது. அதன்பிறகு புரோசார்ட் நகரத்து வீட்டில் அவள் கடந்துபோன அறையெல்லாம் நனைந்த கரியும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை மெல்லத் தங்கி, திரைச்சீலையில் ஏறி, அவருடைய தலையணைவரை வந்துவிட்டது; படுக்கையில் அவள் பக்கமிருந்து மூச்சுக்குப் பதிலாக, எங்கோ ஆழத்தில் பாறையிலிருந்து நீர் சொட்டுவதுபோல ஒரு சத்தம் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது.

ஞாயிறு மத்தியானம் அதை நினைக்க அவருக்கு நேரமில்லை. ‘வடதுருவம் கண்ட முதல் யாழ்ப்பாணத் தமிழர்’ என்று தாமே எழுதித் தாமே அச்சடித்த அழைப்பிதழை நம்பிப் பதினெட்டுப் பேர் வரவேற்பறையில் றோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் படங்கள் ஓடின. திமிங்கில வேட்டைக்காரரின் பழைய மரவீடுகள், முன்னால் அரியரத்தினம். அவர்களின் கல்லறைகள், முன்னால் அரியரத்தினம். கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம், அதன் வாசலை முழுதாக மறைத்தபடி அரியரத்தினம்.

“அண்ணை, சுரங்கத்தையும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்” என்றான் கிறிஸ்தோப்பர். ஊர்ச் சங்கத்தின் செயலாளர், அரியரத்தினத்தின் தலைவர் பதவியில் கண் வைத்திருப்பவன். “அக்கா ஒண்டிலயும் இல்லையே?”

“அவதானே படம் எடுத்தவ.”

சுரங்கத்துக்கு உள்ளேயிருந்து எடுத்தால்தான் ஆள் முழுதாக விழும் என்று அவளை இருட்டுக்குள் பின்னால், இன்னும் பின்னால் போகச் சொன்னவர் அவர். சாப்பாட்டு வரிசைக்குப் பயந்து, அவள் வரக் காத்திராமல் முதல் படகில் ஏறியவரும் அவரே. கப்பலில் ஒரு பலகை உண்டு. கரைக்கு இறங்கும்போது ஒவ்வொருவரும் தம் இலக்கத் தகட்டைத் திருப்பவேண்டும், திரும்பி ஏறியதும் மறுபடி திருப்பவேண்டும். கரையில் எவர் மிச்சம் என்று கப்பலுக்குத் தெரிவது அதை வைத்துத்தான். கோயில் அர்ச்சனை முதல் கலியாண மொய்வரை இருவருக்குமாகத் தாமே பெயர் கொடுத்துப் பழகிய கை, கப்பலில் ஏறியதும் இரண்டு தகட்டையும் திருப்பியது. சாப்பிட்டு அறைக்குப் போனபோது அவள் கட்டிலில் ஈரமாக உட்கார்ந்திருந்தாள். எந்தப் படகில் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை.

கைபேசி அடித்தது. நடைக்குப் போய் எடுத்தார். கப்பல் நிறுவனத்துப் பெண், ஆங்கிலத்தில். அந்தச் சுரங்கத்தடியில் பனிக்கரடிகளைக் கவனிக்க வைத்த கமரா இன்று காலை ஒரு படம் அனுப்பியிருக்கிறதாம். பயணிகளுக்குக் கொடுத்த சிவப்பு ஜாக்கெட் ஒன்று தெரிகிறதாம். அங்கே பிஸ்கட் வைத்த அடைக்கலக் குடிசை இருப்பதால் ஆளாக இருக்கவும் கூடும். எல்லாப் பயணிகளையும் விசாரிக்கிறார்கள். புயல் வருகிறது, ஹெலிகொப்டர் போவதானால் இப்போதே, இல்லையேல் வசந்தத்தில்தான். பக்கத்தில் கரிக்கற்கள் வட்டம் வட்டமாகக் கிடக்கின்றன, கரடியின் வேலையாக இருக்கலாம் என்றாள்.

அவள் அனுப்பிய படத்தைத் திறந்தார். வெண்பனி. கரிக்கற்கள். கப்பல் நிறுவனத்துப் பெண்ணுக்கு வட்டங்கள். அவருக்கு எழுத்துகள்.

இஞ்சாருங்கோ.

முப்பத்திரண்டு வருடமும் செல்வமலர் அவரைக் கூப்பிட்டது இப்படித்தான், ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அங்கேயும் அழைக்கவில்லை. எழுத்துகளின் ஓரத்தில், பனித்தூவலில் மங்கலாக, கையுறையில்லாமல், கமராவை அண்ணாந்து பார்த்தபடி சிவப்பு ஜாக்கெட்.

ஒரு சொல் போதும். ஹெலிகொப்டர் கிளம்பிவிடும்.

வரவேற்பறையில் கிறிஸ்தோப்பர் எதற்கோ சிரித்தான். பெண்சாதியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போன தலைவர். நாளைக்குப் பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடைகள் முழுக்க இதே கதை. குசினியில் கோப்பைகள் மெல்ல மோதின. அங்கே நிற்பது யார்?

“உங்கள் மனைவி வீட்டில் இருக்கிறாரா, மிஸ்டர் அரியரத்தினம்?”

இருக்கிறார் என்றார்.

கைபேசியில் அந்தப் பெண் நன்றி சொன்னாள். ஒரு நிமிடத்தில் இன்னொரு படம் வந்தது: இப்போதுதான் கிடைத்தது, யாரோ விட்டுப்போன ஜாக்கெட்டும் வெறும் கற்களும்தான், கவலை வேண்டாம்.

பழைய சொல் கலைந்திருந்தது. அதே கற்கள். புதிய வரிசை. அரியரத்தி. அடுத்த எழுத்து தொடங்க வேண்டிய இடத்தில் சிவப்பு ஜாக்கெட் குப்புறக் கிடந்தது. பனி மூடத் தொடங்கியிருந்தது.

பின்னால் நனைந்த கரியின் வாடை. பிடரியில் குளிர்.

‘னம்’ என்று மீதியை அவர் காதுக்குள், செல்வமலரின் குரலில், குசினியில் நின்ற அது சொல்லி முடித்தது.