இடம் என்ற கட்டம்

விருந்தினர் இருவர் என்றது திரை. நெரெய்தா அழைத்திருந்தது ஒருத்தியைத்தான்.

மலை நகரமான கோபானில் மதியம் இரண்டரைக்கே வெளிச்சம் மங்கியிருந்தது. மூன்று நாளாக விடாத தூறல் தகரக் கூரையில் அரிசி புடைப்பதுபோலச் சலசலக்க, சத்தம் தடுப்பதற்காகப் பின்னறைச் சுவரெங்கும் தொங்கவிட்டிருந்த கம்பளிகளின் ஈரநெடியும் அடுப்பில் மறந்துபோன காப்பியின் கருகலும் சேர்ந்து மூக்கில் ஏறின. இந்த அறையிலிருந்துதான் ஆற்றைப் பறிகொடுத்தவர்களின் கதைகளை அவள் பாட்காஸ்ட்டாக வெளியிட்டு வந்தாள். இன்று மூன்று மணிக்கு, இருக்கும் இடத்திலிருந்தே இணையம் வழியாகப் பேச வேண்டியவள் எதெல்வினா. ஆற்றை வளைத்துக்கொண்ட தோட்டக் கம்பெனியில் சமையல் செய்தவள். அங்கே நடந்த ஒரு கொலையைக் கண்ணால் பார்த்தவள். ஐந்து மாதமாக ஒளிந்திருக்கிறாள். எங்கே என்பது நெரெய்தா ஒருத்திக்குத்தான் தெரியும்.

முன்பெல்லாம் நேரம் குறிப்பது நோட்டில்தான். தலைநகரத்திலிருந்து ஒலிப்பதிவுகளைத் தொகுத்துத் தரும் தோழி பிரிஹிதாதான் கேலி செய்தாள்.

"இன்னும் நோட்டாடி? ஒரு ஆளப் புடிக்க ஒம்பது போன் போடுற. இந்தச் செயலியப் போடு. அதுவே நேரம் குறிக்கும், அதுவே ஞாபகப்படுத்தும். காசே இல்ல."

"சும்மா குடுக்குறவன் பதிலுக்கு எதைடி எடுத்துக்குவான்?"

"உன் வீட்டு அடுப்புச் சாம்பலையா? போடி, சந்தேகப் பிசாசே!"

போன வாரம் மூன்று முறை நேரம் மாறியதில் அலுத்துப்போய் நெரெய்தா இறங்கிவந்தாள். நாட்காட்டியைப் படிக்கலாமா என்று செயலி கேட்டது. சரி என்றாள். போனில் உள்ள எண்களைப் பார்க்கலாமா என்றது. அதற்கும் சரி. எதெல்வினாவின் பெயரை மட்டும் எங்கும் எழுதவில்லை; வெறும் எண்ணைத்தான் கொடுத்தாள்.

இப்போது செயலி அனுப்பியிருந்த அழைப்பிதழைத் திறந்து பார்த்தாள். இடம் என்ற கட்டம் நிரம்பியிருந்தது.

'தமாலேக்காரி, சாமெல்கோ, கல்வாரிக் கோயில் பின்புறம், நீலக் கதவு.'

அவளுடைய சொற்களேதான்; தமாலே என்ற சோளக் கொழுக்கட்டை செய்பவள் என்பது எதெல்வினாவின் பெயருக்குப் பதிலாக அவள் வைத்த அடையாளம். வீடுகளுக்கு எண் இல்லாத அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லோரும் செய்வதுபோல, போனில் எண்ணோடு வழியடையாளத்தையும் சேர்த்துப் பதிந்திருந்தாள். பெயரை மறைத்துவிட்ட நிம்மதியில் வழியை எழுதி வைத்திருக்கிறாள். செயலி அதை எடுத்து அழைப்பிதழில் ஒட்டியிருந்தது. உதவிக்காக.

இரண்டாவது விருந்தினருக்குப் பெயர் இல்லை. பக்கத்தில் ஒரு சொல்: ஏற்றுக்கொண்டார். நேற்றைய தேதி.

அழித்தாள். விரலை எடுப்பதற்குள் அந்த இரண்டாவது விருந்தினர் வரி திரும்ப வந்தது. மறுபடி அழித்தாள். வந்தது.

போனை எடுத்தாள்.

"எதெல்வினாம்மா, கதவப் பூட்டுங்க. பின்பக்கமா கெளம்புங்க. உடனே!"

"ஏம்மா பதறுற? நீ அனுப்புன ஆளு அரை மணிக்கு முன்னாடியே வந்துட்டாரே. மைக்கெல்லாம் மாட்டிட்டிருக்காரு. காப்பி குடுத்தேன், தலைய ஆட்டுறாரு. வாயவே தொறக்கல. உங்க ஆளுங்களுக்குக் கூச்சம் ரொம்பத்தான்!"

"நான் யாரையும் அனுப்பல."

சிரிப்பு நின்றது. பிறகு இணைப்பும்.

மறுபடி அழைத்தாள். மணியே அடிக்கவில்லை. அந்தப் பக்கம் போய்ப் பார்க்க யாரைக் கேட்பது? அந்த வீட்டை யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமல் அவளேதான் பார்த்துக்கொண்டாள்.

மூன்று மணி.

பதிவுத் திரை தானாகத் திறந்தது. எதெல்வினாவின் அறை. மேசை. நாற்காலி. நாற்காலியில் ஆள் இல்லை. அதன் சாய்வில் தொங்கிய சால்வை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

நின்றது.

ஒரு கை உள்ளே வந்தது. ஆண் கை. ஈரம். அவசரமில்லாமல் மைக்கைப் பிடித்தது. தாழ்த்தியது. இன்னும் தாழ்த்தியது. மேசைக்குக் கீழே. தரைவரை.

அங்கிருந்து ஒரு மூச்சு கேட்டது. இழுத்து, விட்டு, இழுத்து.

திரையின் ஓரத்தில் பச்சை எழுத்து மின்னியது: விருந்தினர் தயார். பதிவு தொடங்குகிறது.